ஆறு பேர், ஐந்து நாள்: பிட்ஸ்பர்க் முதல் வாஷிங்டன் வரை

ஆறு பேர், அதில் இருவர் புதியவர்கள், ஐந்தே நாளில் பிட்ஸ்பர்க்கிலிருந்து வாஷிங்டனுக்குச் சைக்கிளில் போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மொத்தம் சுமார் 540 கிலோமீட்டர். நாளுக்கு 108 வருகிறது. தயவுசெய்து ஏழு நாளாக்குங்கள். குழுவின் வேகம் என்பது கடைசியாக வருபவரின் வேகம்தான்.

திசையைச் சரியாகவே தேர்ந்திருக்கிறீர்கள். பிட்ஸ்பர்க்கையும் கம்பர்லாந்து ஊரையும் இணைக்கும் அலெகேனி பாதை 729 மீட்டர் உயரம்வரை மெல்ல மெல்ல ஏறும். அங்கிருந்து கம்பர்லாந்துவரை 38 கிலோமீட்டர் இறக்கம். வழியில் வரும் பிக் சாவேஜ் சுரங்கம் குளிர்காலத்தில் மூடப்படும், அதைப் பார்த்துத் தேதி குறியுங்கள்.

உண்மையான சோதனை கம்பர்லாந்துக்குப் பிறகுதான். அங்கிருந்து வாஷிங்டன்வரை செல்லும் கால்வாய்க் கரைப் பாதை மண் பாதை. மழை பெய்த மறுநாள் அங்கே மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் களிமண் அடைத்து என் சக்கரம் சுற்றவே மறுத்தது. குச்சியால் நோண்டி நோண்டித்தான் நகர்ந்தேன். அன்று 60 கிலோமீட்டரே பெரும்பாடு. ஆகவே மெலிந்த டயர் வேண்டாம், 40 மில்லிமீட்டராவது இருக்கட்டும். பா பா சுரங்கத்துக்குள் இருட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஆளுக்கொரு விளக்கு அவசியம்.

கால்வாய் ஓரக் கூடார இடங்கள் இலவசம், முதலில் வருபவருக்கே இடம். வேகமாக ஓட்டும் இருவரை மாலையில் முன்னால் அனுப்பிவிடுங்கள். அடிபம்பு இருக்கும், ஆனாலும் தண்ணீரை முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள்.