அசிட்டிக் அமில டைட்ரேஷனில் சமான புள்ளியின் பிஎச் ஏன் 7 இல்லை?

அமிலமும் காரமும் சரிக்குச் சரி சேர்ந்துவிட்டால் நடுநிலைதானே, 8.7 எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். குழப்பமே அந்த "சரிக்குச் சரி"யில்தான். சமான புள்ளி என்பது மோல் கணக்கு, அதாவது அமிலத்துக்குச் சமமான மோல் காரம் சேர்ந்துவிட்ட இடம். பிஎச்சைத் தீர்மானிப்பதோ அந்த நேரத்தில் குடுவையில் என்ன மிச்சம் இருக்கிறது என்பது.

0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 25 மிலி, பியூரெட்டில் (சொட்டுச் சொட்டாக விடும் அளவுக்குழாயில்) 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 மிலி விட்டதும் இரண்டும் தீர்ந்துபோய் சோடியம் அசிடேட் மட்டும் நிற்கும். சோடியம் அயனி சும்மா கிடக்கும், அசிடேட் அப்படி இருக்காது. தண்ணீரிடமிருந்து ஒரு புரோட்டானைப் பிடுங்கி மறுபடி அசிட்டிக் அமிலமாகும், ஹைட்ராக்சைடு மிஞ்சும். பத்தாயிரத்தில் ஒரு அசிடேட்தான் இப்படிச் செய்கிறது, ஆனால் பிஎச்சை 8.7க்கு ஏற்ற அதுவே போதும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இந்தத் தொல்லை கிடையாது, குளோரைடுக்குப் புரோட்டான் மேல் ஆசையே இல்லை, அதனால் அங்கே 7.

கணக்குப் போட்டுப் பார்த்தால் 24.86 மிலியிலேயே பிஎச் 7 ஆகிவிடும், அதாவது இன்னும் மூணு சொட்டு அமிலம் பாக்கி இருக்கும்போதே. அப்புறம் 24.9லிருந்து 25.1 மிலிக்குள் பிஎச் 7.2லிருந்து 10.3க்குத் தாவும். நிறங்காட்டியான பினாப்தலீன் நிறம் மாறுவது 8.2லிருந்து 10 வரை, அந்தத் தாவலுக்குள் அழகாக உட்கார்ந்துவிடுகிறது.

அதற்குப் பதில் மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டியைப் போட்டால் என்ன ஆகும் என்பது எனக்கு அனுபவம். பி.எஸ்சி. முதல் வருடம், பக்கத்தில் இருந்த பாட்டிலை எடுத்து இரண்டு சொட்டு விட்டேன். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று மெதுவாக நகர்ந்துகொண்டே போகிறது, எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை. 8 மிலிக்குள் முழு மஞ்சள். மூன்று ரீடிங், மூன்றும் வேறு வேறு. பிஎச் 4.4 தாண்டினாலே அது மஞ்சள்தான், நம் அமிலமோ பாதி கூடத் தீர்ந்திருக்காது (சரியாகப் பாதியில், 12.5 மிலியில், பிஎச் 4.76, அதுதான் பிகேஏ, அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண், வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்).

இன்னொன்று, முடிவில் வந்த இளஞ்சிவப்பு கொஞ்ச நேரத்தில் மறைந்தால் பதறி இன்னொரு சொட்டு விடாதீர்கள், காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு கரைவதால் அப்படி ஆகும். அரை நிமிடம் நின்றால் ரீடிங்கைக் குறித்துக்கொள்ளலாம்.