கணக்குக்குப் பயந்து அரசியல் அறிவியலா?

வணக்கத்துக்குரிய ஐயா,

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டேன். இளங்கலை அரசியல் அறிவியலில் இடம் கிடைத்திருக்கிறது. "செய்தித்தாள் படித்தாலே தெரிந்துவிடும், இதற்கு ஒரு பட்டம் எதற்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குக் கணக்கு வராது என்பதால்தான் இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தேன். தினமும் விவாத நிகழ்ச்சிகளைப் பார்ப்பதால் பாடம் கடினமாக இருக்காது என்று நம்புகிறேன். பிறகு சட்டம் படிக்க வேண்டுமா, வேலை கிடைக்குமா, முதலில் எந்த நூல்களைப் படிக்கலாம் என்று சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது என் கல்லூரிக் காலக் குறிப்பேட்டைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். அதனாலேயே, "கணக்கு வராது என்பதால்தான்" என்ற வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை. நூல்பட்டியலை உங்கள் ஆசிரியர்கள் தருவார்கள். வேலையைப் பொறுத்தவரை, மருத்துவப் படிப்பைப் போல இந்தப் பட்டம் ஒரே வாசலில் கொண்டுபோய் விடாது; ஆட்சிப் பணி, சட்டம், இதழியல், ஆய்வு என்று பல வழிகளில் பிரியும். வீட்டாரின் கேள்வியில் தவறில்லை. அதே கேள்வியை நீங்களும் உள்ளூர நம்புகிறீர்கள் என்பதுதான் தவறு. விவாத நிகழ்ச்சிகளைப் பார்ப்பது இந்தப் பாடத்துக்கான தயாரிப்பே அல்ல. அங்கே யார் சொல்வது சரி என்று கேட்கிறோம். வகுப்பிலோ, எந்த விதி இருப்பதால் அவர் அப்படிப் பேச நேர்கிறது என்று கேட்கப் பழக வேண்டும்.

முதலாண்டில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் 21 பேருக்கும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, போர், அரசியலமைப்பு, தேர்தல் ஆகிய மூன்றில் எதை முதலில் நடத்தலாம் என்று வரிசைப்படுத்தி எழுதச் சொன்னார். 8 பேர் போர், அரசியலமைப்பு, தேர்தல் என்று எழுதியிருந்தார்கள். 7 பேர் தேர்தல், அரசியலமைப்பு, போர் என்றும், 6 பேர் அரசியலமைப்பு, தேர்தல், போர் என்றும் எழுதியிருந்தார்கள். முதலிடங்களை மட்டும் எண்ணியபோது 8 வாக்குகளுடன் போர் வென்றது. கடைசியில் வந்த அரசியலமைப்பை நீக்கி, அந்த 6 சீட்டுகளையும் அவற்றில் அடுத்து எழுதியிருந்த தேர்தலுக்குச் சேர்த்தபோது, 13க்கு 8 என்று தேர்தல் வென்றது. முதலிடத்துக்கு 2, இரண்டாமிடத்துக்கு 1 என்று மதிப்பெண் போட்டபோது போருக்கு 16, தேர்தலுக்கு 20, அரசியலமைப்புக்கு 27. ஒரு சீட்டில்கூட ஓர் எழுத்து மாறவில்லை. வெற்றி மட்டும் இரண்டு முறை கைமாறியது. மூன்று முடிவுகளையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, சுண்ணாம்புத் தூள் படிந்த விரல்களைத் துடைத்துக்கொண்டே, "இந்த வகுப்பின் விருப்பம் எது?" என்று கேட்டார். மக்கள் தீர்ப்பு என்ற சொல்லை அதுவரை நான் எவ்வளவு அலட்சியமாகப் பயன்படுத்தியிருக்கிறேன் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

பிரான்சின் கணித அறிஞர் கொந்தொர்சே 1785இலேயே இத்தகைய சிக்கலைக் கணக்காக எழுதிப் பார்த்திருக்கிறார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தேர்வுகள் இருக்கும்போது, தனிமனிதர்களின் விருப்ப வரிசைகளைச் சமூகத்தின் ஒரே வரிசையாக்கும் எந்த முறையும் நியாயமான சில நிபந்தனைகள் அனைத்தையும் ஒருசேர நிறைவேற்ற முடியாது என்று அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ 1951இல் நிறுவினார். இதில் நீங்கள் அஞ்சும் கணக்கு எங்கே இருக்கிறது? கூட்டலும் ஒப்பிடலும் பொறுமையும்தான் இருக்கின்றன. அந்தப் பொறுமை இல்லாமல் ஜனநாயகத்தைப் பற்றி நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு கட்டுரையும் வெறும் அபிப்பிராயமாகவே நிற்கும். இப்படித் திரட்டி ஒப்பிடுவது இன்று முளைத்த மோகமும் அல்ல. அரிஸ்டாட்டிலும் அவருடைய மாணவர்களும் 158 அரசுகளின் அமைப்புகளைத் திரட்டினார்கள் என்று பண்டைய பட்டியல்கள் கூறுகின்றன. அவற்றுள் ஏதென்ஸைப் பற்றியது எகிப்தின் பாப்பிரஸ் சுருள்களில் கிடைத்து 1891இல் அச்சேறியது. எது நல்லாட்சி என்று சொல்ல வந்தவர் முதலில் திரட்டினார், ஒப்பிட்டார்.

உங்களைக் கடிந்துகொள்வது எளிது. கணக்கிடம் உங்களைப் பயப்பட வைத்தவர்கள் மீதுதான் எனக்கு உண்மையான கோபம். எலினோர் ஆஸ்ட்ரம் பள்ளியில் முக்கோணவியல் படிக்க விடாமல் தடுக்கப்பட்டவர். போதிய கணிதம் இல்லாததால் பொருளியல் முனைவர் படிப்பின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. அவர் அரசியல் அறிவியலில் 1965இல் முனைவர் பட்டம் பெற்றார். பொதுவான நீரையும் காட்டையும் மக்கள் தாங்களே விதி வகுத்துக் காப்பது எப்படி என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அந்த ஆய்வுக்கு, ஒருவரின் முடிவு மற்றவர்களின் முடிவைப் பொறுத்திருக்கும் சூழல்களை ஆராயும் ஆட்டக் கோட்பாட்டின் கணிதத்தையும் கையாண்டார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அவரை யாரோ கணக்கிலிருந்து விலக்கினார்கள். நீங்களோ உங்களை நீங்களே விலக்கிக்கொள்கிறீர்கள்.

தயங்காமல் சேருங்கள். விருப்பப் பாடங்களில் புள்ளியியல் இருந்தால், முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் படிப்பதா என்ற கேள்வியை இறுதியாண்டில் மறுபடி எழுதி அனுப்புங்கள். அதற்குமுன், மேலே உள்ள 21 சீட்டுகளை ஒரு தாளில் எழுதி, தேர்வுகளை இரண்டிரண்டாக மோதவிட்டு எண்ணிப் பாருங்கள். எந்தத் தேர்வு மற்ற இரண்டையும் வெல்கிறது என்பதையும், முதலில் எண்ணிய முறையில் அது ஏன் கடைசிக்குப் போனது என்பதையும் எனக்கு எழுதுங்கள்.