வேங்கிக்குப் போன குந்தவை

வணக்கம். ராஜராஜ சோழன் வேங்கியை வென்ற பிறகும் அதைத் தன் நாட்டோடு சேர்க்காமல், மகளைக் கட்டிக்கொடுத்து ஒதுங்கிக்கொண்டான் என்று படித்தேன். பாண்டி நாட்டை நேரடியாக ஆண்ட சோழர்கள் வேங்கியை மட்டும் ஏன் விட்டார்கள்? படைபலம் போதவில்லையா? வந்தியத்தேவனின் மனைவி குந்தவைதான் அங்கே போனவரா என்பதும் குழப்பமாக இருக்கிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குந்தவைகள் இருவர். வந்தியத்தேவரின் தேவியார் ராஜராஜனின் அக்கா. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே அந்த உறவு பதிவாகியிருக்கிறது. வேங்கியின் விமலாதித்தனை மணந்தவர் ராஜராஜனின் மகள்.

ஆனால் 'ஒதுங்கிக்கொண்டான்' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 973இல் ஜடாசோட பீமன் என்ற தெலுங்குச் சோழத் தலைவன், வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கிய மன்னன் தானார்ணவனைக் கொன்று வேங்கியைப் பிடித்தான். தானார்ணவனின் மகன்கள் சக்திவர்மனும் விமலாதித்தனும் சோழரிடம் அடைக்கலம் புகுந்தார்கள். வேங்கி அரியணைக்கு உரியவர்களே ராஜராஜனின் கையில் இருந்தார்கள்! பீமனை வீழ்த்தி 1000 வாக்கில் சக்திவர்மனுக்கு முடிசூட்டியபோது, பறிபோன நாட்டை உரியவனுக்கு மீட்டுக் கொடுத்தவனாகச் சோழன் அங்கே நின்றான். பாண்டி நாட்டில் சோழருக்கு வேண்டிய வாரிசு என்று யாரும் இல்லை, தலைமுறைகளாகப் பகைதான். அதனால்தான் ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் தன் மகனையே 'சோழ பாண்டியன்' என்ற பட்டத்தோடு மதுரையில் உட்காரவைத்தான்.

அதோடு, கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட வேங்கி தஞ்சையிலிருந்து வெகு தொலைவு. மேற்கே சோழரின் பகைவரான மேலைச் சாளுக்கியர். அந்த மண்ணின் பழைய அரச குடியே சோழருக்குக் கடன்பட்டு ஆள்வது, தண்டநாயகர்களை, அதாவது படைத்தலைவர்களை, நிரந்தரமாக நிறுத்திவைப்பதைவிட உறுதியான ஏற்பாடு என்று ராஜராஜன் கணித்திருக்க வேண்டும்.

ஒரு கல்யாணத்தோடு இது முடிந்துவிடவில்லை, அதுதான் முக்கியம். குந்தவையின் மகன் ராஜராஜ நரேந்திரன். அவனுக்கு ராஜேந்திரன் தன் மகள் அம்மங்கையைக் கொடுத்தான். அவர்களுடைய மகன் ராஜேந்திரன் மணந்தது இரண்டாம் ராஜேந்திர சோழனின் மகள் மதுராந்தகியை. பெயர்களைக் கவனியுங்கள்: இரண்டு தலைமுறையும் தாய்வழிப் பாட்டனின் பெயரையே தாங்குகிறது. மூன்று தலைமுறை தொடர்ந்து பெண் கொடுத்ததால்தான் உறவு நிலைத்தது.

அப்படியும் உறவு மட்டும் போதவில்லை. விமலாதித்தனுக்கு இன்னொரு மனைவி இருந்தார். அவர் பெற்ற விஜயாதித்தனை மேலைச் சாளுக்கிய ஜயசிம்மன் தூக்கிப்பிடித்தான். தந்தைக்குப் பின் ராஜராஜ நரேந்திரனால் உடனே முடிசூட முடியவில்லை; 1022 ஆகஸ்டில்தான் அது நடந்தது, சோழப் படையின் துணையோடு. பின்னொரு போரில் மேலைச் சாளுக்கியரின் கர்நாடகப் படையோடு மோதி மாண்ட மூன்று சோழத் தளபதிகளுக்காக அவன் மூன்று சிவாலயங்கள் எழுப்பியதைக் கலிதிண்டிச் செப்பேடு சொல்கிறது. மருமகனின் அரியணைக்குச் சோழர் உயிரைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

சறுக்கியது ராஜேந்திரனின் இன்னொரு மகன் வீரராஜேந்திரன் காலத்தில். 1061இல் நரேந்திரன் இறந்ததும் விஜயாதித்தன் வேங்கியைக் கைப்பற்றினான். வீரராஜேந்திரனோ தன் உடன்பிறந்த அம்மங்கையின் மகன் ராஜேந்திரனை விட்டுவிட்டு, தன்னைப் பணிந்த அந்த விஜயாதித்தனுக்கே வேங்கியை அளித்தான். போதாததற்குத் தன் மகளை மேலைச் சாளுக்கிய விக்கிரமாதித்தனுக்கும் மணமுடித்தான். எழுபதாண்டுக் கொள்கையை இந்த இரண்டு முடிவுகளும் குலைத்தன என்றே சொல்வேன். 1070இல் அவன் இறந்து, மகன் அதிராஜேந்திரனும் சில மாதங்களில் மறைந்தபோது, விலக்கிவைக்கப்பட்ட அந்த வேங்கி ராஜேந்திரன்தான் சோழ அரியணை ஏறினான். முதலாம் குலோத்துங்கன் என்று நாம் அறிவது அவனைத்தான். வேங்கியைக் காக்கச் செய்த மணஉறவு கடைசியில் சோழ நாட்டுக்கே வாரிசு தந்தது.

நீங்கள் கேட்கும் நேரடி ஆட்சியும் வேங்கியில் நடந்தது, குலோத்துங்கன் காலத்தில். சிற்றப்பன் விஜயாதித்தனுக்குப் பின் தன் மகன்களையே ஒருவர் பின் ஒருவராக அனுப்பினான். முதலில் போன மும்முடிச் சோழன் ஓராண்டிலேயே திரும்பிவிட்டான். பெற்றோரின் அடியில் இருப்பதே மேல் என்று அவன் எண்ணியதாகச் செப்பேடு காரணம் கூறுகிறது. பிறகு வீரசோழன் போனான். 1118இல், அங்கிருந்த விக்கிரம சோழன் தந்தையோடு இணையரசனாகத் தெற்கே வந்த கையோடு, மேலைச் சாளுக்கியர் வேங்கிக்குள் நுழைந்துவிட்டார்கள். நுழைய வைத்தவன் அதே விக்கிரமாதித்தன், வீரராஜேந்திரனின் மருமகன்.