விஷக்கட்டி தினமும் காலி, எலி மட்டும் குறையவில்லை

நீங்கள் எலிக்கு வைக்கும் விஷக்கட்டியைத் தின்பது எலி இல்லை, பெரும்பாலும் நண்டுதான். சேஷெல்ஸ் தீவில் இரவு வைத்தது விடிவதற்குள் காலியாகிறது, ஆனாலும் ஷியர்வாட்டர் என்கிற கடற்பறவையின் வளைகளில் கடிபட்ட முட்டை கிடைக்கிறது என்கிறீர்கள். வெப்பமண்டலத் தீவுகளில் துறவி நண்டும் நில நண்டும் செய்கிற வேலை இது, 2011-ல் பசிபிக் கடலின் பல்மைரா பவளத்தீவில் எலியை ஒழித்தபோதுகூட நண்டுகள் தின்றுவிடும் என்பதற்காகவே விஷத்தை வழக்கத்தைவிட அதிகமாகத் தூவவேண்டி வந்தது.

விஷமில்லாத மெழுகுக்கட்டியில் கடலை வெண்ணெய் கலந்து வளைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிரண்டாக ஒட்டிய சின்னப் பள்ளங்கள் இருந்தால் எலிப்பல். தாறுமாறாகப் பிய்ந்திருந்தால் நண்டு. அப்புறம் விஷப்பெட்டியை நண்டுக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றலாம்.

தயவுசெய்து விஷத்தின் அளவை மட்டும் நீங்களாகக் கூட்டாதீர்கள். ப்ரோடிஃபாகூம் என்கிற எலிவிஷம் நண்டைக் கொல்லாது, உடம்பில் தங்கிவிடும். அதைத் தின்னும் கரைப்பறவைக்கும் போகும், மனிதருக்கும் போகும்.