டம்ளர் அடுக்கும் கை – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். செம்பூரில் வசிக்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. ராஜேந்திர சோழனின் படை கடாரம் வரை கப்பலில் சென்ற பெருமை நமக்கு உண்டு. ஆனால் இன்று விமானந்தாங்கிக் கப்பல் என்ற பெயரில் பல்லாயிரம் கோடியைக் கடலில் கொட்டுவது நம்மைப் போன்ற நாட்டுக்குத் தகுமா? அலுவலக நண்பர் ஒருவர், பிரிட்டன் 2010-ல் தன் ஹாரியர் விமானங்களை மொத்தமாக நிறுத்திவிட்டது, பல ஆண்டுகள் கப்பலில் போர் விமானமே இல்லாமல் இருந்தது, ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை என்கிறார். கணக்குப் பார்த்தால் அவர் சொல்வது சரியென்றே படுகிறது. என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். கடற்படையில் சேர்ந்து விமானம் ஓட்ட வேண்டும் என்கிறான். செலவைக் குறைத்துக்கொண்டே போகும் ஒரு துறைக்கு அவனை அனுப்பலாமா? தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எம்., செம்பூர்

அன்புள்ள எம்.,

முதலில் ராஜேந்திரனைக் கரையில் இறக்கிவிடுவோம். கடலைப் பற்றி எந்தத் தமிழர் எனக்கு எழுதினாலும் முதல் பத்தியிலேயே அவர் கப்பலேறி வந்துவிடுகிறார். கடாரத்துக்குப் போன கப்பல்களில் ஒன்றைக் கட்டிய தச்சன் யார்? பலகைகளை எப்படி இணைத்தான், நீர் புகாமலிருக்க எதைப் பூசினான்? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அரசனின் பெயர் கல்லில் நின்றுவிட்டது. தச்சனின் கை போய்விட்டது. சில வாரங்களாக இந்தக் கையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உங்கள் கடிதத்துக்குப் பதில். இல்லாவிட்டால், மன்னியுங்கள், ‘தகுமா’ என்று முடியும் கடிதங்களை நான் படிப்பதோடு சரி.

என் தாய்மாமா திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்தவர். நம் முதல் விமானந்தாங்கியான பழைய விக்ராந்தின் மேல்தளத்தில் விமானங்களை நகர்த்தி நிறுத்தும் பிரிவில் இருந்தார். விமானம் ஓட்டியவரல்லர். ஓட்டியவர்களுக்குப் ‘போ’, ‘நில்’, ‘இடது சக்கரத்தைப் பிடி’ என்று கையாலேயே சொல்லும் மஞ்சள் சட்டைக்காரர். எஞ்சின் இரைச்சலில் அங்கே வாய்க்கு வேலை இல்லை.

விடுமுறைக்கு சயான் கோலிவாடாவில் எங்கள் வீட்டுக்கு வருவார். தரையில் செய்தித்தாளை விரித்தால் அது கப்பல். வலது ஓரத்தில் உப்பு ஜாடி, அதுதான் மாலுமிகள் நிற்கும் கோபுரம். இரண்டு தீப்பெட்டிகள் முன்னும் பின்னும், விமானங்களை மேலேற்றும் லிப்ட்டுகள். கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர் சிறகு மடித்த சீ ஹாக் போர் விமானம். நிமிர்த்தி வைத்தால் புறப்படத் தயார். பன்னிரண்டு டம்ளர். “மருமகனே, நான்காவது விமானம் முதலில் போக வேண்டும். பின்னால் ஒன்று இறங்க வந்துகொண்டிருக்கிறது. அதில் எண்ணெய் பத்து நிமிடத்துக்குத்தான் இருக்கிறது. நகர்த்து, பார்க்கலாம்” என்பார். எந்த டம்ளரை எடுத்தாலும் இன்னொன்றின் வழி அடைபடும். நான் விழித்துக்கொண்டிருக்கும்போது அவர் கை வரும். மூன்றே நகர்த்தல். வழி திறந்துவிடும். காப்பிக்கு டம்ளர் இல்லை என்று அம்மா உள்ளேயிருந்து கத்துவாள்.

இது புத்தகத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். “இருக்கிறது. புத்தகத்தில் கப்பல் ஆடாது” என்றார்.

இனி உங்கள் நண்பர். குடிமுழுகவில்லையாம். யார் குடி? 1982-க்குப் போவோம், ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் போரிட்ட ஆண்டு. அந்தக் கதை அதற்கும் முன்னால், 1966-ல் தொடங்குகிறது. டெனிஸ் ஹீலி பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது பிரிட்டன் கட்டவிருந்த புதிய பெரிய விமானந்தாங்கியைச் செலவு கருதி ரத்து செய்தார்கள். கடற்படைக்கான அமைச்சரும் கடற்படைத் தலைவரும் பதவி விலகினார்கள். தரையிலிருந்து புறப்படும் விமானங்களே எல்லாக் கடலுக்கும் போதும் என்று நிரூபிக்க, விமானப்படை வரைபடத்தில் ஆஸ்திரேலியாவையே சில நூறு மைல் நகர்த்தி வைத்தது என்றொரு கதை கடற்படைக்காரர்களிடம் உண்டு. கதைதான், ஆனால் கசப்பு நிஜம். 1979-ல் கடைசிப் பெரிய கப்பலான ஆர்க் ராயல் ஓய்வு பெற்றது. அதோடு கேனட் என்ற அசிங்கமான, வயிறு புடைத்த ஒரு விமானமும் போயிற்று. அதற்காக யாரும் அழவில்லை. அதன் வேலை சண்டை போடுவதில்லை. உயரே நின்று ரேடாரால் தூரத்தைப் பார்த்துச் சொல்வது.

மரீன் டிரைவ் சுவரில் உட்கார்ந்து கப்பல் பார்த்திருப்பீர்கள். தொலைவில் போகப்போக முதலில் உடல் மறையும், பிறகு கம்பம். பூமியின் வளைவு. ரேடாருக்கும் இதே கதிதான். கடல்மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரேடாருக்கு, அலையை ஒட்டி வரும் பொருள் சுமார் 20 கிலோமீட்டரில்தான் தென்படும். அதையே 3,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிப்போனால் 200 கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும். அலை உரசி வரும் ஏவுகணைக்கு 20 கிலோமீட்டர் என்பது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். நீங்கள் கணக்குப் பிரிவுக்காரர், இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் உங்கள் அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வாங்க முடியுமா?

1982 மே 4. ஃபாக்லாந்து கடலில் ஷெஃபீல்டு என்ற பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பலை அர்ஜென்டினா விமானம் ஏவிய எக்சோசெட் ஏவுகணை தாக்கியது. விமானங்கள் தாழப் பறந்து வந்து, ஒரு கணம் எழும்பிப் பார்த்து, ஏவிவிட்டுத் திரும்பின. மேலிருந்து பார்த்துச் சொல்ல எதுவும் இல்லை. 20 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பதறியடித்துக்கொண்டு சீ கிங் ஹெலிகாப்டரின் பக்கவாட்டில் ஒரு ரேடாரைப் பை மாதிரித் தொங்கவிட்டுச் சில வாரங்களில் ஆயத்தம் செய்தார்கள். அது அந்தக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆகஸ்டு. போர் ஜூன் 14-லேயே முடிந்துவிட்டது. சில வாரங்களில் செய்ய முடிந்ததை முன்பே ஏன் செய்யவில்லை? பட்ஜெட்டில் அந்த வரி இல்லை. இல்லாத ஒன்று எந்தக் கணக்கிலும் நட்டமாகத் தெரிவதில்லை, எம்.! உங்கள் நண்பர் 1981 டிசம்பரில் எழுதியிருந்தால் அப்போதும் குடிமுழுகவில்லை என்றுதான் எழுதியிருப்பார்.

இன்னொரு வேடிக்கை. அதே 1981-ல் ஜான் நாட் என்ற அமைச்சர் மறுபடியும் கத்தியை எடுத்தார். இன்வின்சிபிள் என்ற விமானந்தாங்கியை ஆஸ்திரேலியாவுக்கு விற்கப் பேசி முடித்தாயிற்று. ஹெர்மிஸ் என்ற இன்னொரு விமானந்தாங்கியும் வீட்டுக்குப் போகும் பட்டியலில். சில மாதங்களில் போர் வந்தது. இந்த இரண்டு கப்பல்களும் இல்லாவிட்டால் அவர்களால் அங்கே போயிருக்கவே முடியாது. ஹெர்மிஸ்தான் படைக்குத் தலைமைக் கப்பல். பிறகு அதை நாம் வாங்கினோம். 1987-லிருந்து 2017 வரை நம் விராட் அதுதான். அவர்கள் கழித்துக்கட்ட நினைத்ததை முப்பது ஆண்டுகள் ஓட்டினோம். மும்பைக்காரராக உங்களுக்கு அதில் கொஞ்சம் சிரிப்பு வரவேண்டும்.

2010-க்கு வருகிறேன். ஹாரியர்களை நிறுத்தினார்கள். 72 விமானங்களை உதிரிபாகங்களோடு அமெரிக்காவுக்கு 18 கோடி டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே பெரும்பாலும் கழற்றி எடுக்கத்தான். மூன்றே மாதத்தில் லிபியாவில் போர். பிரான்ஸ் தன் கப்பலைக் கரைக்கருகே கொண்டுபோய் நிறுத்தியது. பிரிட்டன் விமானங்கள் முதலில் இங்கிலாந்திலிருந்தே பறந்துபோய்த் திரும்பின, பிறகு இத்தாலியில் இடம் பிடித்தார்கள். சமாளித்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் நண்பர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் விமானிகளை அமெரிக்கக் கப்பல்களுக்கு அனுப்பிவைத்தார்கள். கப்பலில் இறங்கத் தெரிந்தவர்கள் நாட்டில் ஒருவரும் மிஞ்சாமல் போய்விடுவார்களோ என்ற பயம். உறவினர் வீட்டில் பசுவைக் கட்டிவைப்பது போல, திறமையை வேறு நாட்டில் கட்டிவைத்தார்கள். கட்டிவைக்க ஒரு தோழமை நாடு இருந்தது. நமக்கு யார் இருக்கிறார்கள்?

கேட்டுவிட்டு யோசித்தால், நாமும் அதைச் செய்தவர்கள்தான். பழைய விக்ராந்தில் நீராவிக் கவண் இருந்தது. விமானத்தை உதைத்து அனுப்பும். இறங்கும்போது கொக்கியை மாட்டி நிறுத்தத் தளத்தின் குறுக்கே கம்பிகள் இருந்தன. 1983 இறுதியில் செங்குத்தாக இறங்கும் சீ ஹாரியர் வந்தது. 1980-களின் பிற்பகுதியில் கவணை எடுத்துவிட்டு தளத்தின் முனையை மேல்நோக்கி வளைத்தார்கள். தவறென்று சொல்லவில்லை. அன்றைக்கு அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் கம்பியில் இறங்கும் வித்தை நம் கடற்படையில் கால் நூற்றாண்டு படுத்துவிட்டது. 2013-ல் விக்ரமாதித்யா என்ற விமானந்தாங்கி வந்தபோது, அதன் மிக்-29கே போர் விமானங்கள் கம்பியில்தான் இறங்க வேண்டும். இறங்கத் தெரிந்தவர்கள் தாத்தாக்களாகியிருந்தார்கள். இளம் விமானிகளை அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பிக் கற்கவைத்தோம். கவணோ இன்றுவரை நம் எந்தக் கப்பலிலும் இல்லை. மாமா 1988-ல் வெளியே வந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நம் ஊரில் வெட்டு என்று யாரும் அறிவிப்பதில்லை. தள்ளிப்போடுவார்கள். 2012-13-ல் பாதுகாப்பு பட்ஜெட்டில் 18 சதவீதமாக இருந்த கடற்படையின் பங்கு 13 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று 2019 டிசம்பரில் அன்றைய தளபதி கரம்பீர் சிங் வெளிப்படையாகவே சொன்னார். புதிய விக்ராந்த் 2022 செப்டம்பரில் கொச்சியில் சேர்ந்தது. அதற்கான 26 ரஃபேல் விமானங்களுக்கு 2025 ஏப்ரலில்தான் கையெழுத்து. 2028-லிருந்துதான் வரத்தொடங்கும். இடைக்காலத்துக்கு மிக்-29கே. அந்த மிக்குகளில் எந்த நேரத்திலும் பறக்கும் நிலையில் இருந்தவை 16 முதல் 38 சதவீதம் வரைதான் என்று கணக்குத் தணிக்கையாளர் 2016-ல் எழுதியிருக்கிறார். உங்கள் துறைக்காரர்தான், அவரையாவது நம்புங்கள்.

ஏழை நாட்டுக்கு இது தகுமா என்ற கேள்வி. வேண்டாம் என்று ஒரு நாடு முடிவு செய்தால் அதை மதிப்பேன். இந்தக் கப்பல்கள் இனி ஏவுகணைகளுக்கு நல்ல இலக்கு, நீர்மூழ்கி போதும் என்று வாதிடும் அறிவாளிகள் இருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசலாம். கப்பலை வைத்துக்கொண்டு விமானத்தைத் தள்ளிப்போடுவது, விமானத்தை வாங்கிக்கொண்டு உதிரிபாகத்தை நிறுத்துவது, உதிரிபாகத்தை வாங்கி ஆளைக் குறைப்பது, இதற்கெல்லாம் சிக்கனம் என்று பெயர் வைப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டுச் சமையல்காரரை வேண்டாம் என்பதைப் போன்றது. நீங்களோ இதைக் ‘கணக்குப் பார்த்தால் சரி’ என்று எழுதுகிறீர்கள்! உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. கோபம் உங்கள் மேலில்லை, தம்பி.

2014-ல் பழைய விக்ராந்தை உடைக்க தாருகானாவுக்கு இழுத்துப்போனார்கள். 1971-ல் ஒரு கொதிகலனில் விரிசலோடு, முழு வேகம் எடுக்க முடியாமல் வங்கக் கடலுக்குப் போய், டிசம்பர் 4-ல் காக்ஸ் பஜார் மேல் விமானங்களை அனுப்பிய கப்பல். அருங்காட்சியகமாக இங்கே கொஞ்ச காலம் நின்றது, அதற்கும் காசில்லை என்றார்கள். மாமா பார்க்க வேண்டும் என்றார். ரே ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். உள்ளே விடவில்லை. இரண்டு கிடங்குகளுக்கு இடையிலிருந்த சந்து வழியாகச் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு தெரிந்தது, எரிவாயுச் சுடர் மினுங்கியது. மாமா நெடுநேரம் நின்றார். அழுவார் என்று நினைத்தேன். “பின் லிப்ட்டை முதலில் எடுக்கிறான். தப்பு. பாரம் சாயும்” என்றார். காவலாளியிடம் போய் இந்தியில் அதை விளக்கவும் தொடங்கிவிட்டார். பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

இப்போதும் எங்கள் சந்தில் தண்ணீர் டேங்கர் பின்னால் வரும்போது வீட்டுக்குள்ளிருந்து இறங்கிப் போய்விடுவார். எழுபத்தேழு வயது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, உள்ளங்கையை உள்நோக்கி மடக்கி, மெல்ல மெல்ல வரவழைத்து, கடைசியில் இரு முட்டிகளையும் குறுக்கே சேர்ப்பார். ஓட்டுநர் பையன்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது அவர் கையைப் பார்க்காமல் பின்னால் வருவதில்லை.

உங்கள் மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள், அவனிடமல்லவா கேட்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை மாலை அழைத்து வாருங்கள். மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். செய்தித்தாளும் தீப்பெட்டியும் எடுத்து வைத்துவிட்டார். காது கொஞ்சம் மந்தம், பையனை உரக்கப் பேசச் சொல்லுங்கள். நீங்கள் காப்பி குடிப்பவரென்றால் உங்களுக்கு மட்டும் ஒரு டம்ளர் கொண்டுவந்துவிடுங்கள், வீட்டிலிருப்பது பன்னிரண்டுதான்.