கத்தக்கானாவைக் கடையில் படியுங்கள்

தம்பி, ஜப்பானிய எழுத்துகளில் ஹிரகானா சீக்கிரம் வந்துவிட்டது, வெளிமொழிச் சொற்களையும் பெயர்களையும் எழுதும் கத்தக்கானா மட்டும் மண்டையில் நிற்கவே மாட்டேன் என்கிறது, அடுத்த மாதம் டோக்கியோவில் வேலை, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பாடப்புத்தகத்தில் கத்தக்கானா அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வரும், கண்ணுக்குப் பழகியிருக்காது. இங்கே கடைக்குள் நுழைந்தால் எங்கு பார்த்தாலும் அதுதான்.

அட்டவணையோடு ரொம்ப மல்லுக்கட்ட வேண்டாம். அ, இ, உ, எ, ஒ என்று நம் குறில் வரிசையிலேயே போகும். எல்லோரும் மாட்டிக்கொள்வது ஷி, ட்சு, சோ, ன் என்ற நான்கில்தான். இவற்றை எழுதித்தான் பிரித்தறிய முடியும். ஷி, ன் இரண்டிலும் நீளக்கோட்டைக் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். ட்சு, சோ இரண்டிலும் மேலிருந்து கீழே. நூறு யென் கடையில் குழந்தைகளுக்கான எழுத்துப் பயிற்சி நோட்டு கிடைக்கும், வெட்கப்படாமல் வாங்குங்கள்.

அப்புறம் மெனு. டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் தென்னிந்தியச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. அங்கே மீல்ஸ் ‘மீருசு’, சாம்பார் ‘சன்பரு’, ரசம் ‘ரஸ்ஸமு’. என்ன எழுதியிருக்கும் என்று முன்பே தெரிவதால் எழுத்து சட்டென்று பிடிபடும். எதையும் வாய்விட்டுப் படியுங்கள். லகரம் ரகரமாகும், கடைசி மெய்யோடு பெரும்பாலும் ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும். ட்சு எழுத்து சின்னதாக எழுதியிருந்தால் அடுத்த மெய் இரட்டிக்கும். எழுத்துக்குப் பின்னால் ஒரு கோடு வந்தால் நெடில்: ‘பிரு’ கட்டடம், ‘பீரு’ குடிக்கிற பீர். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் திணறும் இடம் இது. நம் காதுக்குக் குறில் நெடில் புதிதில்லை.

நீங்கள் சைவமா? அப்படியானால் பயிற்சி தானாகவே நடக்கும். சிப்ஸ் பாக்கெட்டின் பின்பக்கம் ‘போக்கு எகிசு’, ‘சிக்கின் எகிசு’, அதாவது பன்றிச் சாறு, கோழிச் சாறு; மிட்டாயில் ‘ஸெராச்சின்’, அதாவது ஜெலட்டின். தேடித்தேடிப் படிப்பீர்கள். பல இறைச்சிப் பெயர்கள் ‘கான்ஜி’ என்ற சீன வழி எழுத்துகளிலும் இருக்கும், அது தனிக்கதை.

கிளம்பும் முன் ஒரு வேலை. உங்கள் பெயருக்கு ஒரே ஒரு கத்தக்கானா வடிவத்தை முடிவு செய்துவிடுங்கள். செந்தில் என்றால் ‘செந்திரு’வா ‘சென்டிரு’வா? அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால் அதற்கும் சேர்த்து. வங்கிக் கணக்கில் ஒரு மாதிரியும் கம்பெனியில் வேறு மாதிரியும் எழுதிக்கொடுத்தால் முதல் சம்பளம் கணக்கில் ஏறாமல் திரும்பிப் போகலாம். கம்பெனியில் ஏற்கெனவே ஒன்று எழுதிவைத்திருக்கிறார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.