வாசகர் கேள்வி - பதில்: துருப்பிடித்த இஞ்சினும் சனிக்கிழமைப் பெடியளும்

ரயிலைப் பற்றிய கடிதங்கள் இந்த முறை கொஞ்சம் கூடுதலாக வந்து சேர்ந்தன. ஒன்றைத் தொட்டு இன்னொன்று வருவதால் எல்லாவற்றையும் சேர்த்தே போடுகிறேன்.

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் அக்காவின் மகனுக்கு 17 வயது. சனிக்கிழமை விடிந்தால் ஒரு பழைய ரயில் பாதைக்கு ஓடிவிடுகிறான். அங்கே பெடியன் பெட்டைகளாகச் சேர்ந்து, ஏதோ தொழிற்சாலையில் கிடந்த சின்ன டீசல் இஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறார்களாம். சம்பளம் கிடையாது, உடுப்பெல்லாம் கிறீஸ். அக்கா போனில் ஒரே அழுகை. இதால் என்ன பிரயோசனம்?
— ஒரு சித்தி, சுன்னாகம்

அக்காவை முதலில் அழுகையை நிறுத்தச் சொல்லுங்கள். பெடியன் கெட்ட சகவாசத்தில் இல்லை, இஞ்சினுக்குக் கீழே படுத்திருக்கிறான், அவ்வளவுதான்.

இலாபமில்லை என்று கைவிட்ட ரயில் பாதைகளை ஊர்ச்சனம் சங்கமாகச் சேர்ந்து எடுத்து ஓட்டுவது அந்த நாட்டில் பழைய பழக்கம். 1951 இல் வேல்ஸில் தலிலின் என்ற சிலேட்டுக்கல் ஏற்றிய பாதையை அப்படித்தான் தொண்டர்கள் பொறுப்பெடுத்தார்கள், உலகத்திலேயே அதுதான் முதல். உங்கள் பெறாமகனின் விஷயத்துக்கு இன்னும் கிட்டவான கதை லீட்ஸ் நகரத்து மிடில்டன் பாதையுடையது. 1960 ஜூனில் அதைத் தொண்டர்கள் ஓட்டத் தொடங்கியபோது முன்னுக்கு நின்றவர்களில் பல்கலைக்கழக மாணவர்கள் கனபேர், அன்றைக்குப் பெட்டியை இழுத்தது நீராவி இஞ்சினும் இல்லை, பக்கத்து ஹன்ஸ்லெட் தொழிற்சாலை கொடுத்த ஒரு சின்ன டீசல். ஆகவே பெடியளும் சின்ன டீசலும் என்பது நேற்று வந்த கூத்து இல்லை.

பிரயோசனம் என்று கேட்டால், ரியூஷன் கொட்டிலில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கும். ஒரு நட்டு இறுகிவிட்டால் விடையைப் பின்பக்கத்தில் புரட்டிப் பார்க்க முடியாது. நிற்க வேண்டும், யோசிக்க வேண்டும், பக்கத்தில் நிற்கும் எழுபது வயதுக்காரரிடம் கேட்க வேண்டும், அவர் சொன்னது சரியா என்று கையால் பார்க்க வேண்டும். அந்த எழுபது வயதுக்காரருக்கும் தன் கைத்தொழிலை யாருக்காவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்ற அந்தரம் இருக்கும். இந்தச் சங்கங்கள் பிழைத்திருப்பதே இந்தக் கைமாற்றத்தால்தான் என்பது என் எண்ணம்.

ஆனால் அக்கா சில விஷயங்களைக் கட்டாயம் கேட்க வேண்டும், அதையும் அழாமல் கேட்க வேண்டும். பழைய இஞ்சின்களில் புகைக்குழாய்ச் சுற்றிலும் பிரேக் கட்டைகளிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், இவற்றைச் சோதித்துப் பார்த்த பிறகுதானா சுரண்டுகிறார்கள்? ஜாக்கியில் தூக்கியதோடு விடுகிறார்களா, அல்லது கீழே கட்டை அடுக்கிய பிறகுதான் ஆளை உள்ளே விடுகிறார்களா? பொறுப்பான பெரியவர் ஒருவர் எந்த நேரமும் பக்கத்தில் நிற்கிறாரா? அந்த நாட்டில் சிறுவர்களை ரயில்வே போன்ற இடங்களில் வேலைக்கு வைப்பதைத் தடுக்கும் 1920 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, அது சம்பளமில்லாத தொண்டுக்கும் பொருந்துமா என்று சில வருடங்களுக்கு முதல் பெரிய விவாதமே நடந்தது. பதினேழு வயதுக்காரனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. உடுப்புக் கிறீஸுக்கு மருந்து இல்லை, அவனையே தோய்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நீராவி இஞ்சின் என்றால் ஒரு வடிவு, ஒரு சத்தம். தகரப்பெட்டி மாதிரிக் கிடக்கிற இந்த டீசலை மினக்கெட்டுத் திருத்துவானேன்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி

சேர், வடிவு என்று பார்த்தால் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் நீராவி இஞ்சின் யானை வளர்ப்பது மாதிரி. அதன் கொதிகலனுக்கு அங்கே பத்து வருடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் கழற்றிச் சோதிக்க வேண்டும், குழாய்களை மாற்ற வேண்டும், அந்தச் செலவைக் கேட்டாலே சங்கத்தின் பொருளாளருக்கு நெஞ்சு நோகும். ஓட்டுவதற்கு விடியப்புறமே வந்து நெருப்பு மூட்ட வேண்டும். இருபது, நாற்பது குதிரை வலுவுள்ள சின்ன டீசலில் கொதிகலன் இல்லை. உள்ளே இருப்பது ஒரு இஞ்சின், ஒரு கிளச், ஒரு கியர்பெட்டி, பல வகைகளில் அங்கிருந்து அச்சுக்குப் போகும் சங்கிலி. உழவு இயந்திரம் திருத்தத் தெரிந்தவனுக்குப் பாதி ஏற்கெனவே விளங்கும். சின்னப் பொடியளின் கைக்கு அடங்குகிற அளவு அது.

வடிவில்லாவிட்டாலும் அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. முதலாம் உலகப் போரில் முன்னரங்குக்கு ஷெல் ஏற்றப் போன நீராவி இஞ்சின்களின் புகை எதிரிக்குத் தூரத்திலேயே தெரிந்தது. அதனால் பெட்ஃபோர்ட் நகரத்து மோட்டார் ரெயில் நிறுவனத்தில் சிம்ப்ளெக்ஸ் என்ற குட்டிப் பெட்ரோல் இஞ்சின்களைச் செய்வித்தார்கள். போர் முடிந்த பிறகு மிஞ்சியவற்றைச் செங்கல் சூளைக்காரரும் மணல் அகழ்வுக்காரரும் வாங்கிக்கொண்டு போனார்கள். லெய்ட்டன் பஸர்ட் என்ற ஊரில் 1919 இல் மணல் ஏற்றத் தொடங்கிய சின்னப் பாதை அப்படிப்பட்ட சாமான்களால்தான் உருவானது, இன்று அதைத் தொண்டர்கள் ஓட்டுகிறார்கள். அரசன் ஏறிய ரயிலை யாராவது காப்பாற்றுவார்கள். மணல் இழுத்த இஞ்சினுக்கு இந்தப் பெடியளை விட்டால் நாதியில்லை.

கேள்வி: முப்பது வருடம் மழையில் நின்று இறுகிப்போன டீசல் இஞ்சினை எப்படி மறுபடி சுழல வைக்கிறார்கள்?
— தொழில்நுட்பக் கல்லூரி மாணவர், கொக்குவில்

தம்பி, நல்ல கேள்வி. முதல் விதி: பலம் போடாதே. ஹேண்டிலைக் கொழுவி நாலு பேர் தொங்கினால் சுழல்வதற்குப் பதிலாக எதாவது முறியும்.

முதலில் அடியிலிருக்கும் எண்ணெய்ச் சட்டியின் மூடியை மெல்லத் தளர்த்துவார்கள். முதலில் வருவது எண்ணெய் அல்ல, தண்ணீர். பாரம் கூட என்பதால் அது கீழே போய்க் கிடக்கும். பிறகுதான் களி மாதிரிக் கறுப்பு. அந்தத் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்தே உள்ளே எந்தளவு அழிவு என்று ஒரு மட்டுக்கு ஊகிப்பார்கள். அடுத்தது சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். அடுத்த சனிக்கிழமை வந்து இன்னும் கொஞ்சம். பிறகு பறக்குஞ்சில்லில் (ஃபிளைவீல்) ஒரு கம்பியைக் கொடுத்து முன்னுக்கு ஒரு நூலளவு, பின்னுக்கு ஒரு நூலளவு என்று ஆட்டிப் பார்ப்பார்கள். ஒரு நாள் ‘டிக்’ என்று விடும். விடாவிட்டால் சிலிண்டரின் மேல்மூடியான தலையைக் கழற்றத்தான் வேண்டும்.

கழற்றும்போது ஒவ்வொரு சாமானையும் போனில் படம் எடுத்து, பையில் போட்டு, எங்கேயிருந்து வந்தது என்று எழுதிக் கட்ட வேண்டும். பாதி நேரம் இதற்கே போகும், இதைச் சலிப்பில்லாமல் செய்கிறவன்தான் பிறகு நல்ல மெக்கானிக்காக வருவான்.

முதல் முறை ஸ்டார்ட் பண்ணுவதுதான் ஆபத்தான நேரம். பெட்ரோல் இஞ்சின் மாதிரி டீசலைச் சாவியைத் திருப்பி நிறுத்த முடியாது. அதற்குப் பொறி தேவையில்லை, டீசலும் காற்றும் கிடைத்தால் ஓடிக்கொண்டே இருக்கும். டீசல் பம்பின் உள்ளே அளவைக் கட்டுப்படுத்தும் தண்டு துருவில் இறுகி முழு அளவில் நின்றுவிட்டால் இஞ்சின் வேகம் ஏறி ஏறிச் சிதறும் வரை ஓடும். ஆகவே அந்தத் தண்டு விரலால் தள்ள அசைகிறதா என்று முதலே பார்க்க வேண்டும், காற்று உள்ளே போகும் வாயை அடைக்க ஒரு தட்டையான பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் வேறு எதற்கும் கை கொடுக்கக் கூடாது, பலகையோடு நிற்பதுதான் அவர் வேலை. கையால் சுற்றுவதென்றால் பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள். இஞ்சின் திருப்பி அடித்தால் ஹேண்டில் கையை விட்டு வழுக்கிப் போகும். பெருவிரல் சுற்றியிருந்தால் ஆசுப்பத்திரிதான். இன்ஜெக்டரைச் சோதிக்கும்போது பீச்சுகிற டீசலுக்கு முன்னால் கையைக் காட்டவே கூடாது, அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கேள்வி: ரயில் இஞ்சினில் மணல் பெட்டி எதற்கு? வீடு கட்டவா?
— குறும்புக்காரன், நெல்லியடி

இரும்புச் சில்லு, இரும்புத் தண்டவாளம், மேலே மழைத்தூறல். சில்லு நின்ற இடத்திலேயே சுற்றும். சில்லுக்கு முன்னால் கொஞ்சம் காய்ந்த மணலைக் கொட்டினால் பிடிக்கும். ஈர மணல் குழாயில் அடைக்கும், ஆகவே திருத்துகிற பெடியளுக்கு மணல் காயப்போடுவதும் ஒரு வேலை. வீடு கட்ட அந்த மணல் காணாது தம்பி.

கேள்வி: இதை இங்கே செய்ய முடியாதா? காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை இருந்த ஊரல்லவா நம்முடையது?
— வாசகர், தெல்லிப்பழை

1950 இல் தொடங்கிய தொழிற்சாலை போரால் 1990 உடன் நின்றுபோனது, கொழும்பு ரயிலான யாழ்தேவியும் அதே வருடம் நின்றது. பிறகு தண்டவாளத்துக்கும் சிலிப்பர் கட்டைக்கும் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பங்கர்களின் கூரையாகப் பார்த்திருப்பீர்கள். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வந்தது முழுக்கப் புதுப்பாதை. பழைய இஞ்சின் பார்க்க ஆசையென்றால் பிள்ளைகளைக் கடுகண்ணாவைக்குக் கூட்டிப்போங்கள், 2014 டிசம்பரில் திறந்த ரயில்வே அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது.

இங்கே இல்லாதது இஞ்சின்தான், கை அல்ல. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. சூப்பிப் போத்தலால் காபரேற்றருக்குள் ரண்டு சொட்டுப் பெட்ரோல் பீச்சி ஸ்டார்ட் பண்ணியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உதிரிப்பாகம் இல்லாமல் மொரிஸ் மைனர், ஏ-40 போன்ற பழைய கார்களை வாழ வைத்த கராஜ்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கும் வயது போகிறது. அவர்களிடம் சனிக்கிழமைகளில் போய் நிற்க யாரும் இல்லை என்பதுதான் நம் குறை.

அதனால் ரயிலுக்கு ஏங்காமல், வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களின் கொட்டில்களில் துருப்பிடித்துக் கிடக்கும் இறைப்பு மெஷின் ஒன்றில் தொடங்குங்கள். கறன்ட் மோட்டர் வந்த பிறகு அவற்றைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை, இரும்புக்காரன் கிலோக் கணக்கில் கேட்கிறான். பள்ளிக்கூடத்துக்கு ஒன்று என்று எடுத்து, ஒரு பழைய கராஜ்காரரைப் பிடித்து, நாலு பெடியன் நாலு பெட்டை என்று விடுங்கள். மெஷின் யாருடையது, எந்தக் கிணற்றில் நின்றது, எத்தனை பரப்பு வெங்காயத்துக்கு இறைத்தது என்று சொந்தக்காரரிடம் கேட்டு எழுதி வைப்பதும் அந்த வேலையில் சேரும்.

ஒரு விஷயம். உள்ளே கிடக்கிற பழைய எண்ணெயைத் தகரத்தில் பிடித்து மூடி வையுங்கள், கிணற்றடியில் ஊற்றிவிடாதீர்கள். நம்முடையது சுண்ணாம்புக்கல் நிலம், மேலே ஊற்றியது அப்படியே கீழே இறங்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை ஊரே பார்த்தது.